ஒரு கற்றை வெள்ளை முடி

எஃப்ராட்டா, பென்சில்வேனியா
1983 அக்டோபர் 11

கர்த்தர் காத்து நடத்துற என் தங்கச்சி மக வெர்னாவுக்கு, உன் பெரியம்மா சலோமா.

இங்க எல்லாரும் சுகம். அங்கயும் சுகம்னு நெனைச்சுக்கிட்டு எழுத ஆசைதான், ஆனா உன் கடிதாசி மடியில கெடக்கு, அப்படி எழுத விடமாட்டேங்குது.

ஆப்பிள் ஜாம் கிளறி முடிச்சுட்டு உக்காந்திருக்கேன். கொல்லையில பெரிய கொப்பரை ஏத்தி, காலைலருந்து நானும் உங்க மாமா பொண்டாட்டி மின்னியும் மாத்தி மாத்தித் துடுப்பு போட்டோம். அவ துடுப்பு போடுறதை விட வாய் போடுறதுதான் ஜாஸ்தி. கை ரெண்டும் கழண்டு விழுது. எழுத்து கோணலா இருந்தா அதனாலதான், கெழவியாயிட்டான்னு முடிவு கட்டாதே.

ஆமோஸ் விஷயத்துக்கு வரேன். வாரக்கணக்குல வெளிக்கிப் போகமாட்டேங்கறான், வயிறு பானையாட்டம் நிக்குது, சட்டியில உக்கார வெச்சா முக்குறான் அழுவுறான், எப்பவாச்சும் வந்தா நாடா மாதிரி ஒல்லியா வருதுன்னு எழுதியிருக்கே. பொறந்ததுலருந்தே இப்படித்தான்னும் எழுதியிருக்கே.

இதுக்கு ரெண்டு மருந்து உண்டு. ஒண்ணு, ஆளி விதைக் கஷாயமும் காஞ்ச பிளம்ஸும். இன்னொண்ணு மாப்பிள்ளை எல்வின் கையில இருக்கு. பிள்ளைக்கு மூணு வயசு முடியறதுக்குள்ள அதோட சுயசித்தம் ஒடியணும், இல்லேன்னா ஆயுசுக்கும் ஒடியாது. சாப்பாட்டுல அடம் பிடிக்கிற பிள்ளை உண்டு, தூக்கத்துல அடம் பிடிக்கிற பிள்ளை உண்டு. உன் பிள்ளை இதுல பிடிக்கிறான். எல்வின் பிரம்பை எடுத்தா நீ அடுப்படிக்குப் போயிடு. நீ அங்கயே நின்னா அவன் உன் மூஞ்சியைப் பாப்பானே தவிர சட்டியில இருக்கிற வேலையைப் பாக்கமாட்டான். உன்னை வளத்த சித்தி உன்னை அடிக்கலையா? நீ நல்லா வரலையா?

அவ்வளவு தூரம் மிசௌரிக்குப் போகாதேன்னேன், நெலம் மலிவுன்னு போனீங்க. போட்டோ புடிக்கிற வழக்கமும் நம்ம சபையில இல்ல. பேரன் யார் ஜாடைன்னு கூட இந்தப் பெரியம்மாவுக்குத் தெரியாது. அதையாவது ஒரு வரி எழுது.

ஜெபத்துல உங்களை மறக்காத
சலோமா


மிசௌரி
அக்டோபர் 19

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எல்வின்தான் உரக்கப் படித்தார். இரண்டாவது மருந்து வந்த இடத்தில் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை படித்தார்.

நீங்கள் சொன்னபடி நான் அடுப்படிக்குத்தான் போகிறேன், பெரியம்மா. காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? “பேச்சு கேளு, ஆமோஸ்” என்கிறார் இவர். “கேக்குறேன்பா, கேக்குறேன்பா” என்று அவன் முக்குகிற சத்தம் வருகிறது. கழுத்து நரம்பு புடைக்க முக்குகிற பிள்ளையை அடம் பிடிக்கிறான் என்று எப்படிச் சொல்வது? இப்போதெல்லாம் சட்டியைக் கண்டாலே, “ஆமோஸ் கெட்ட பிள்ளை” என்று அவனே சொல்லிக்கொண்டு தானே போய் உட்காருகிறான்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். போன வாரம் சபையார் எல்லாரும் ஒரு வீட்டுக்குக் களஞ்சியம் எழுப்பப் போயிருந்தார்கள். எல்வினும் போயிருந்தார். எதிர்ப்பண்ணை ப்ரூவர், நம் சபையைச் சேராத இங்கிலீஷ்காரர், நகரத்துக்குப் போவதாகச் சொன்னார். அவர் காரில் ஆமோஸைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

அவர் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். விரல் விட்டுப் பார்த்தார். “கடைசி வழி இறுக்கி மூடின கை மாதிரி இருக்கும்மா” என்றார். “பொறந்து எத்தனாவது நாள் மொதல் மலம் போச்சு?”

“மூணு நாள் தாண்டி, எனிமா கொடுத்தப்புறம்” என்றேன்.

அப்புறம் தொடையில் இருந்த தழும்பைப் பார்த்தார். “இது யாரு?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “இவன் அடம் பிடிக்கல. தொறன்னு சொல்ற நரம்பு இவன் குடலோட கடைசித் துண்டுல இல்லவே இல்லைன்னு நெனைக்கிறேன். இவன் முக்குறான், வாசல் தொறக்கல. அவ்வளவுதான்.”

எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். குடலுக்கென்று சொந்த நரம்புகள் மேலிருந்து கீழ்வரை உண்டாம். மேலே இருப்பது பக்கத்தில் இருப்பதற்குச் சேதி சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். இறுக்கு, தளர்த்து, இறுக்கு, தளர்த்து என்று சேதி இறங்கிக்கொண்டே போனால்தான் மலமும் இறங்கும். நம் சொந்தக்காரர் வீடுகளுக்குள் சுற்றுக்கு விடும் கடிதக் கட்டை நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டோடு கட்டு நின்றுவிட்டால் அதற்குக் கீழே உள்ள வீடுகளுக்கு ஒன்றும் தெரியாது. ஆமோஸுக்குக் கடைசி வீடுகளில் ஆளே இல்லை. நிச்சயம் பண்ண, உள்ளேயிருந்து அரிசியளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.

நீங்கள் கேட்ட ஜாடைக்கு வருகிறேன். மூக்கும் வாயும் எல்வின். முடி நம் பக்கத்துச் செம்பட்டை. ஆனால் பின்மண்டையில் ஒரு கற்றை மட்டும் பிறந்ததிலிருந்தே வெள்ளை வெளேரென்று இருக்கிறது. டாக்டரம்மா அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். வயிற்றில் பிள்ளை உருவாகும்போது முதுகுப் பக்கமிருந்து கிளம்பும் ஒரே கூட்டம்தான் குடலுக்குப் போய் நரம்பாகுமாம், தலைக்குப் போய் முடியின் நிறமும் ஆகுமாம். சில பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டம் இரண்டு இடத்திலுமே கடைசிவரை போய்ச் சேராதாம். “உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வெள்ளை முடி உண்டா? வயிறு உப்பி செத்துப்போன குழந்தைங்க உண்டா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். எப்படித் தெரியும்? அம்மா போகும்போது எனக்கு இரண்டு வயது. நம் பெண்கள் யாருடைய பின்மண்டையை நான் முக்காட்டுத் தொப்பி இல்லாமல் பார்த்திருக்கிறேன்? நீங்களும் அம்மாவும் ஒரே கட்டிலில் படுத்து, ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிவிட்டவர்கள். சொல்லுங்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களும் எதனால் போனார்கள்? எனக்குத் தெரிந்தால் எல்வினிடம் பேச ஒரு வழி கிடைக்கும். வெறும் கையோடு நான் பேசினால் அது கீழ்ப்படியாமை ஆகிவிடும்.

டாக்டரம்மா பேரையும் ஊரையும், ப்ரூவர் வீட்டு டெலிபோன் நம்பரையும் அடியில் எழுதியிருக்கிறேன். டெலிபோனுக்கு, யாராவது இறந்தால் சொல்வதற்கு மட்டும் என்று சபையில் அனுமதி.

உங்கள்
வெர்னா


எஃப்ராட்டா
அக்டோபர் 26

வெர்னாவுக்கு,

உன் கடிதாசியை ரெண்டு தரம் படிச்சேன். மூணாந்தரம் படிக்க மனசு வரல.

புருஷன் இல்லாத நேரம் பாத்து இங்கிலீஷ்காரன் கார்ல ஏறிப் போனியா? நீ எங்க வீட்டுப் பொண்ணுதானா? நரம்பு, நரம்புன்னு எழுதியிருக்கே. நரம்புத் தளர்ச்சி எல்லாம் டவுன்ல சோபாவுல சாஞ்சு கெடக்கிற பொம்பளைங்களுக்கு வர்றது. பன்னி மேய்க்கிற வீட்டுல மூணு வயசுப் பையனுக்கு நரம்பு கெடுமா? அந்த டாக்டரம்மா கால்சட்டை போட்டவளாத்தான் இருப்பா, நீ எழுதலேன்னாலும் எனக்குத் தெரியும். கிள்ளிப் பாக்கணும்பா, அப்புறம் அறுத்துப் பாக்கணும்பா. சபைதான் எல்லார் ஆஸ்பத்திரிச் செலவையும் சுமக்குது. மூப்பர்கிட்ட போய் மாப்பிள்ளை என்னன்னு சொல்லி நிப்பாரு? என் பையன் வெளிக்கிப் போகமாட்டேங்கறான்னா?

முடியைப் பத்தி தபால்ல எழுதறது நம்ம வழக்கம் இல்ல. ஸ்திரீயோட தலைமுடி அவ புருஷனுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும், அதுல கத்திரிகூடப் படக் கூடாது. உங்கம்மா மண்ணுக்குள்ள தொப்பியோட படுத்திருக்கா. அவ தொப்பியை நான் கழட்டமாட்டேன். அந்தப் பச்சைப் பிள்ளைங்க ரெண்டையும் கர்த்தர் கொடுத்தாரு, கர்த்தர் எடுத்தாரு. தோண்டாதே.

இத்தோட மின்னி கட்டிக்கொடுத்த பேதிப் பொடி வெச்சிருக்கேன். குதிரைக்கே கேக்கும்பா. பாதி பாதியா கொடுக்காதே, ஒரே மட்டா கொடு. மேல விளக்கெண்ணெய் ஒரு கரண்டி.

வெள்ளை முடி எந்த எடத்துல இருக்கு? சுழிக்குக் கீழயா, எடது பக்கமா? சும்மாதான் கேட்டேன்.

சலோமா


மிசௌரி
நவம்பர் 4

பெரியம்மாவுக்கு,

டாக்டரிடம் போனது எல்வினுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். உங்கள் கடிதம் என்னை முந்திக்கொண்டது. படித்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தார். “உன் பெரியம்மாவே சொல்றாங்க” என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. சுழிக்குக் கீழேதான். இடது பக்கம்தான். பார்க்காமலே உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இனி நான் கேட்கப் போவதில்லை.

பொடியைக் கொடுத்துவிட்டோம், ஒரே மட்டாக.

இந்தக் கடிதத்தை இத்தோடு முடித்து ஒட்ட இருந்தேன். அதற்குள் எழுத வேறு வந்துவிட்டது. காலையிலிருந்து ஆமோஸுக்குத் திறந்துகொண்டது, பெரியம்மா. தண்ணீராகப் பீய்ச்சி அடிக்கிறது. எல்வின் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, “பேச்சு கேட்டான் பாரு, என் பிள்ளை பேச்சு கேட்டான் பாரு” என்று வீட்டைச் சுற்றி வந்தார். சாப்பாட்டு மேசையில் வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் பண்ணினார். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

நாற்றம்தான் தாங்க முடியவில்லை. செத்த எலி மாதிரி. இத்தனை நாள் தேங்கியது அப்படித்தான் இருக்கும் என்கிறார் இவர். பிள்ளை துவண்டு படுத்திருக்கிறான், பால்கூட வேண்டாம் என்கிறான். நெற்றி சுடுகிறது. வயிறு இன்னும் முரசு மாதிரித்தான் இருக்கிறது. எல்லாம் இறங்க ஒன்றிரண்டு நாள் ஆகும் இல்லையா?

உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னித்துவிடுங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி.

வெர்னா


எஃப்ராட்டா
நவம்பர் 8

வெர்னா,

இது உன் கைக்கு வர்றதுக்குள்ள நான் போன்ல சொன்னது நடந்திருக்கும். நடந்திருக்கணும். கர்த்தர் காலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுதறேன்.

உன் கடிதாசியைத் தபால் பெட்டிகிட்ட நின்னே பிரிச்சேன். தெறந்துகிச்சுன்னு படிச்சதும் ஸ்தோத்திரம்னு வாய்விட்டுச் சொன்னேன். அதுக்கு அடுத்த வரிக்கு வந்தேன். நாத்தம். சுடுது. வயிறு இறங்கல. கையில இருந்த முட்டைக் கூடையைக் கீழ போட்டுட்டு ஓடினேன். இந்த வயசுல, பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டுல கார்க்காரனெல்லாம் பாக்க.

பால் லாரி ஓட்டுற ட்ரெக்ஸ்லர் வீட்டுலதான் டெலிபோன் இருக்கு. அந்த மனுஷன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. “சலோமா, யாரு செத்தா?”ன்னாரு. “இன்னும் யாரும் சாகல, நம்பரைச் சுத்துங்க”ன்னேன். உங்க ப்ரூவர்கிட்ட நான் என்ன பேசினேன்னு எனக்கே நெனைவில்ல. இது பேதி இல்ல, பிள்ளை போகப்போகுது, வண்டியில தூக்கிப் போடுங்கன்னு கத்தினேன். அவர் சரிம்மா சரிம்மான்னாரு. கத்தாமலே கேக்கும்னு ட்ரெக்ஸ்லர் அப்புறம் சொன்னாரு.

நீ கேட்டியே. இப்ப சொல்றேன்.

உங்கம்மா லீனாவோட மொத பையனுக்கும் வயிறு இப்படித்தான் உப்பிக்கிட்டே இருந்துது. நாலு மாசத்துல ஒரு நாள் தெறந்துகிச்சு. எல்லாரும் பந்தியில உக்காந்து ஸ்தோத்திர ஜெபம் பண்ணிட்டு எந்திரிச்சோம். தொட்டில்ல பிள்ளை ஆறிப்போயிருந்துது. ரெண்டாவது பையனுக்கும் வயிறு, அப்புறம் காய்ச்சல், அப்புறம் அந்த நாத்தம். அப்ப யாரும் ஸ்தோத்திரம் சொல்லல, லீனா தொட்டிலை விட்டு நகரவே இல்ல. ஊர்ல கோடைக் கழிச்சல்னாங்க. ரெண்டாவது பையன் போனது பனிக்காலம். மூஞ்சி மறந்துபோச்சு வெர்னா, நாத்தம் மறக்கல. நீ எழுதினது அதே நாத்தம்.

லீனாவுக்குப் பின்மண்டையில வெள்ளை முடி உண்டு. சுழிக்குக் கீழ, எடது பக்கம். எனக்கும் அதே எடத்துல உண்டு. சின்னப் பிள்ளையில, தேவதூதன் பிடிச்சுப் பாத்த எடம்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்குவோம். வெளிய சொன்னா பெருமையாயிடும்னு அம்மா சொல்லுவா. அதனால யாருக்கும் தெரியாது.

இனிமே மாப்பிள்ளைக்கு. இதை நீயே படிக்காதே, அவர் கையில கொடு.

எல்வின், நான் உங்களுக்குப் பிரம்பைப் பத்தி எழுதினேன். அந்தப் பிள்ளையைப் பாக்காமலே எழுதினேன். ஆஸ்பத்திரியில அறுக்கணும்பாங்க. நீங்க வேணாம்பீங்க, எனக்குத் தெரியும், ஏன்னா வேணாம்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே என் கடிதாசிதான். வெர்னா பக்கத்து ரத்தம்னு மட்டும் நெனைக்காதீங்க, உங்க அப்பாவைப் பெத்தவளும் எங்கப்பாவும் சித்தப்பன் பெரியப்பன் மக்க. இதோட ஒரு காகிதத்துல மடிச்சு வெச்சிருக்கேன். அதை உங்க பையன் தலையோட சேத்து வெச்சுப் பாருங்க. நரை இல்ல அது, வேர்லருந்து நுனி வரைக்கும் பொறந்தப்ப இருந்த வெள்ளை. பக்கத்துல இருக்கிற செம்பட்டையையும் சேத்தே வெட்டியிருக்கேன், நீங்க சந்தேகப்படக் கூடாதுன்னு.

பொறந்ததுலருந்து கத்திரி படாத தலை. பாவாடை தைக்கிற கத்திரிதான் கையில கெடைச்சுது.

சலோமா


எஃப்ராட்டா
நவம்பர் 12

வெர்னா கண்ணு,

தபால்காரர் வர்ற நேரமெல்லாம் வேலிகிட்ட நிக்கிறேன். அவர் தூரத்துலருந்தே தலையை ஆட்டுறாரு. ட்ரெக்ஸ்லர் திரும்பப் போன் போட்டாரு. ப்ரூவர் பொண்டாட்டிதான் எடுத்தாளாம். தூக்கிட்டுப் போயிட்டாங்க, அதுக்கு மேல தெரியாதுன்னாளாம்.

மின்னி பேதிப் பொடிக் கட்டை மறுபடி எடுத்தா, நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அதுலருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அவ நல்லதுக்குத்தான் கொடுத்தா. நானும் நல்லதுக்குத்தான் அனுப்பினேன்.

வேற ஒண்ணும் எழுத வேணாம். இருக்கான், இல்லைன்னு ஒரு வார்த்தை எழுது. கிறுக்கலா இருந்தாலும் படிச்சுக்குவேன்.

பெரியம்மா


மிசௌரி, ஆஸ்பத்திரியிலிருந்து
நவம்பர் 14

பெரியம்மா, இருக்கிறான்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

அன்றைக்கு ப்ரூவர் வயலைக் குறுக்கே தாண்டி ஓடி வந்தார். பென்சில்வேனியாவிலிருந்து போன் என்றதும் எல்வின் தொப்பியைக் கழற்றிவிட்டார். “யாரு போயிட்டாங்க?” என்றார். “இன்னும் யாரும் போகலியாம், உங்க பையன் போகாம இருக்கணுமாம்” என்றார் ப்ரூவர். நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னார், கத்தினதையும் சேர்த்து. எல்வின் தயங்கினார். நான் தயங்கவில்லை. போர்வையோடு பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன். இவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். அப்புறம் வந்து மறுபக்கம் ஏறினார்.

டாக்டரம்மா கதவருகிலேயே வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார். தேங்கின குடல் அழுக ஆரம்பித்திருந்ததாம். பேதி போகவில்லை, பெரியம்மா, குடல் வெந்து வடிந்திருக்கிறது. ஊசி போட்டு, குழாய் விட்டு, திரும்பத் திரும்பக் கழுவினார்கள். பொடியைப் பற்றி நான் சொன்னேன். வாசல் மூடியிருக்கும்போது பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது அதுதான் என்று மட்டும் சொன்னார். அதை உங்களிடம் மறைக்க நினைத்தேன். மறைத்து மறைத்துத்தான் இங்கே வந்து நின்றோம் என்று எழுதிவிட்டேன்.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் அரிசியளவு கிள்ளிப் பார்த்தார்கள். அவர் சந்தேகப்பட்டதுதான். கடைசித் துண்டில் நரம்பு இல்லை. “இப்போ வயித்துல ஒரு சின்ன வாசல் வெச்சு, மலம் அது வழியா பையில வரவிடணும். குடல் ஆறினப்புறம், நரம்பு இல்லாத துண்டை எடுத்துட்டு, நல்ல குடலைக் கீழ இழுத்துத் தைப்போம். அப்புறம் இவனும் எல்லாப் பிள்ளை மாதிரியும் போவான். கொஞ்சம் பழக்கணும், பொறுமை வேணும்” என்றார். கையெழுத்துப் போட வேண்டியவர் எல்வின்.

இவர் போடவில்லை. “கர்த்தர் வைக்காத எடத்துல வாசல் வைக்க நான் யாரு?” என்றார். “மறுபடி அடைச்சா மறுபடி கழுவுங்க.”

“மறுபடி அடைச்சா கழுவறதுக்குப் பிள்ளை இருக்கமாட்டான்” என்றார் டாக்டரம்மா.

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூன்று வருஷமாகப் பேசாததையெல்லாம் அந்த முதுகிடம் பேசினேன். திரும்பவே இல்லை.

மறுநாள் ப்ரூவர் எங்கள் தபாலை எடுத்துக்கொண்டு வந்தார். உங்கள் எழுத்தைக் கண்டதும் இவர் கை நீட்டினார், போன தடவை மாதிரி. உங்கள் கடிதம் தன் பக்கம் பேசும் என்று நினைத்திருப்பார். நான் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கொடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தார். பாதியில் உட்கார்ந்தார். மடித்த காகிதத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கற்றை முடி.

“கத்திரி வெச்சுட்டாங்களா?” என்றார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியாது.

கட்டில் அருகே போய், தூங்குகிற பிள்ளையின் தலையை மெதுவாகத் திருப்பி, அந்தக் கற்றையைப் பின்மண்டையில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எது உங்களுடையது, எது அவனுடையது என்று எனக்கே தெரியவில்லை.

“சலோமா பெரியம்மா தலையில கத்திரி வெக்கலாம்னா,” என்று ஆரம்பித்தார். வெளியே போய், “பேனா எங்கே?” என்று நர்ஸிடம் கேட்டார்.

ஆபரேஷன் முடிந்தது. வயிற்றில் இடது பக்கம் ஒரு சின்ன ரோஜா மொட்டு மாதிரி இருக்கிறது. மேலே பை ஒட்டியிருக்கிறார்கள். நேற்றுவரை பை காலியாகவே இருந்தது. நாங்கள் மாறி மாறி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று காலை எல்வின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அது நிறைந்தது. தானாக, சத்தமில்லாமல், முக்காமல். ஆமோஸ் குனிந்து அதைப் பார்த்தான். அவன் முகம் எப்படி ஆனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. தகப்பனை நிமிர்ந்து பார்த்து, “அப்பா, பேச்சு கேட்டுட்டேன்” என்றான்.

எல்வின் எழுந்து வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது மாடிப்படியில், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அவன் எப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான், வெர்னா” என்றார்.

முடியைக் காகிதத்தில் மடித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார். உங்களிடம் திருப்பித் தரவேண்டியது என்கிறார். உங்களுக்கு என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

வெர்னா


எஃப்ராட்டா
நவம்பர் 19

வெர்னா கண்ணு,

மொத வரியோட நிறுத்திட்டேன். அதைப் படிச்சுட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்துதான் மீதியைப் படிச்சேன். மாடுங்க எல்லாம் என்னையே பாத்துச்சு.

பொடி விஷயத்தை எழுதினது நல்லது. நான் மின்னிகிட்ட போய்ச் சொன்னேன். ரெண்டு பேரும் சேந்து மீதிக் கட்டை அடுப்புல போட்டோம். அப்புறம் அவ நிறுத்தாம பேசினா. நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

முடி வெட்டினதை நானே சபை உதவிக்காரர்கிட்ட சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமை சபைக்கு முன்னால எழுந்து நிக்கணும்னு சொல்லிட்டாரு. நிக்கிறேன். எதுக்கு வெட்டினேன்னு கேட்டா அதையும் சேத்துச் சொல்லுவேன், அதைக் கேக்காம அவங்க என்னை உக்கார வைக்க முடியாது. அவர் போன மறுநாள் அவர் பொண்டாட்டி எட்னா தனியா வந்தா. முட்டை வாங்க வந்தேன்னா. முட்டையை எடுத்துக்கிட்டும் போகமாட்டேங்கறா. அப்புறம் அடுப்படிக் கதவைச் சாத்திட்டு, தொப்பியைக் கழட்டிக் கொண்டையை அவுத்துத் திரும்பி நின்னா. காதுக்குப் பின்னால வெள்ளை. அவ மக வயித்துப் பேத்திக்கு ரெண்டு மாசம். வயிறு உப்புதாம். உங்க டாக்டரம்மா பேரையும் ஊரையும் எழுதிக் கொடுத்துட்டேன், கால்சட்டை போட்டவங்கதான், ஆனா ஓடத் தெரிஞ்சவங்கன்னேன். இங்கயே நல்ல டாக்டர் யாருன்னு அவங்களுக்கே எழுதிக் கேக்கப் போறா.

ஆமோஸுக்கு மூணு கால்சட்டை தைச்சிருக்கேன். இடுப்புல அகலமா விட்டு, எடது பக்கம் நாடா வெச்சிருக்கேன், பையை அழுத்தாது. அதே கத்திரிதான்.

ஞாயித்துக்கெழமை சபை முடிஞ்சதும் பஸ் ஏறுறேன். ட்ரெக்ஸ்லர் டிக்கெட் எடுத்துட்டாரு. எங்க எறங்கணும், எங்க மாறணும்னு ஒரு அட்டையில எழுதிக் கழுத்துல மாட்டிவிடறேங்கறாரு, கன்னுக்குட்டிக்கு மாட்டுற மாதிரி. முடியைத் திருப்பித் தர வேணாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு. எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். எனக்கு எழுதவும் வேணாம். வந்து உக்காந்து பேசிக்கிறோம், எங்க ரெண்டு பேர்கிட்டயும் பேச்சு நெறைய பாக்கி இருக்கு.

பிரம்பைப் பத்தி உங்களுக்கு எழுதினவ நான். ஆமோஸ் கெட்ட பிள்ளை இல்லைன்னும் நான்தான் சொல்லணும். அதையும் கடிதாசியிலயே எழுதி அனுப்பியிருப்பேன். ஆனா அவனுக்கு இன்னும் படிக்கத் தெரியாதே. அதான் நேர்ல வரேன்.

பெரியம்மா